ஓடுவதால் துரத்துகிறதா, துரத்துவதால் ஓடுகிறானா?

கேள்வி:

என் மகனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான். நான்கு மாதங்களுக்கு முன் டியூஷன் முடிந்து வரும்போது, எங்கள் தெருமுனையில் எப்போதும் படுத்திருக்கும் செவலை நாய் அவனைத் துரத்திவிட்டது. ஓடி விழுந்ததில் முட்டி பெயர்ந்தது, கணுக்காலில் நாயின் நகம் கீறியது. அரசு மருத்துவமனையில் நான்கு தடவையும் தவறாமல் ஊசி போட்டோம். காயம் ஆறிவிட்டது. பயம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் அந்த நாய்க்கு மட்டும் பயந்தான். பிறகு எந்தத் தெருநாயைக் கண்டாலும் பயம். இப்போது என் தங்கை வீட்டு பொமரேனியனுக்குப் பயந்து அங்கே வரமாட்டேன் என்கிறான். டி.வி.யில் குரைக்கும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். முன்பு நடந்து போன பள்ளிக்கு இப்போது என் கணவர் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். அவருக்கு நேரமாகிவிட்டால் ‘இன்று நடந்து போ’ என்பார். இவன் அழுது ஆர்ப்பாட்டம் செய்தால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

எனக்கே சிறு வயதிலிருந்து நாய் என்றால் நடுக்கம். ‘உன் ரத்தம்தான் அவனுக்கும்’ என்கிறார்கள். மாமியார் மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டார். ‘ஒரு நாள் அந்த நாய் பக்கத்திலேயே அரை மணி நேரம் நிற்க வைத்தால் தெளிந்துவிடும்’ என்கிறார் கணவர். இதற்கிடையில் மூன்று வயது மகளும் நாயைக் கண்டால் வீறிடத் தொடங்கியிருக்கிறாள். அவளை எந்த நாயும் துரத்தியதே இல்லை. இன்னொன்று, சிரிக்காதீர்கள்: அந்த நாய் இவனை மட்டும் அடையாளம் வைத்துத் துரத்துகிறதோ என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு தவணை ஊசியையும் விடாமல் போட்டீர்களே, முதலில் அதற்குப் பாராட்டு. கீறல்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் இன்றும் உண்டு. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. கடியோ கீறலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனுடைய பயம் ஏன் குறையவில்லை என்பதற்கான பதிலில் பாதி அந்த நாயிடம்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தெருமுனையை அந்த நாயின் இடத்திலிருந்து பாருங்கள். யாரோ வருகிறார்கள். நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. வந்தவர் ஓடி மறைகிறார். ‘விரட்டிவிட்டோம்’ என்று அதற்குப் பரிசு கிடைத்துவிட்டது. பைக்குகளை நாய்கள் ஏன் அத்தனை வெறியோடு துரத்துகின்றன? துரத்திய ஒவ்வொரு பைக்கும் கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது. பைக் எப்படியும் போயிருக்கும் என்பது நாய்க்குத் தெரியாது. அதன் கணக்கில் நூற்றுக்கு நூறு வெற்றி. தபால்காரரைப் பார்த்து வீட்டு நாய் தினமும் குரைப்பதும் இதே கணக்குத்தான். அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார், தான் குரைத்ததால் போனார் என்று நாய் எடுத்துக்கொள்கிறது.

1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பசித்த பூனைகளைக் கூண்டுகளில் அடைத்துப் பார்த்தார். வெளியே தீனி. பூனை பிராண்டும், கடிக்கும், இடுக்கில் நுழையப் பார்க்கும். ஏதோ ஒரு நேரம் கால் தற்செயலாகத் தாழ்ப்பாளில் பட்டுக் கதவு திறக்கும். மறுபடி மறுபடி அடைத்தபோது வீண் முயற்சிகள் குறைந்து, பூனை நேராகத் தாழ்ப்பாளுக்கே போயிற்று. எந்தச் செயலுக்குப் பின் நல்லது நடக்கிறதோ அது நிலைக்கும், மற்றவை உதிரும். உங்கள் செவலையும் இப்படித்தான் துரத்தக் கற்றிருக்கிறது. நாய்களால் ஆட்களை அடையாளம் காண முடியும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மகனைத் துரத்த அதற்கு அடையாளம் தேவையில்லை. தெருவில் ஓடுகிறவன் அவன்தான்.

நம் ஊர்த் தெருநாய்கள் கற்றதற்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். தார் ரோட்டில் ஒரு கல்கூட இல்லாத இடத்தில் சும்மா குனிந்து பாருங்கள், பல நாய்கள் இரண்டடி பின்வாங்கும். குனிவதில் வலி ஒன்றும் இல்லை. ஆனால் குனிவதற்குப் பின் கல் வந்த அனுபவம் அதற்கு உண்டு. மகனுக்கு நடந்ததும் இதுவே.

பி.எட். படித்த உறவினர் யாராவது இருந்தால் ‘ஆக்கநிலையுறுத்தல்’ என்று சொல்லி, பாவ்லோவ் பெயரை எடுப்பார். ரஷ்ய ஆய்வாளரான இவான் பாவ்லோவ் நாய்களின் ஜீரணத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதற்குத்தான். தீனி வாயில் படும் முன்பே, அதற்கு முன்னறிகுறியாக வரும் எதைக் கண்டாலும் நாய்க்கு எச்சில் ஊறுவது அவரை இழுத்துக்கொண்டது. தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமின் டிக்டிக் சத்தத்துக்குப் பின் தீனி வந்துகொண்டே இருந்தால், பிறகு சத்தத்துக்கே எச்சில் ஊறும். உங்கள் மகனின் உடம்பில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டவற்றை எண்ணிப் பாருங்கள்: குரைப்பு, ஓட்டம், விழுந்த வலி, ரத்தம், உங்கள் பதற்றம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நான்கு தடவை மருத்துவமனை. ‘நாய் கீறியதால்தான் இந்த ஊசி’ என்று ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்லியிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அவனுக்கு அது நாயின் கணக்கில் இன்னொரு வலியாகச் சேர்ந்தது.

ஒரு நாயில் தொடங்கியது பொமரேனியன் வரை பரவியதற்கும் பழைய உதாரணம் உண்டு. 1920-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் செய்த சோதனை, இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. ஆல்பர்ட் என்று குறிப்பிடுகிறார்கள். அவன் வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளிலேயே எலியைக் கண்டாலே அழத் தொடங்கினான். பிறகு முயலுக்கு அழுதான், நாய்க்கு அழுதான், ரோமக் கோட்டுக்கும் முகம் சுளித்தான். அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும் பக்கம் அது.

சரி, ஒரு நியாயமான சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். பாவ்லோவின் நாய்க்குச் சத்தம் மட்டும் கேட்டுத் தீனி வராமலே போனால் எச்சில் ஊறுவது மெல்ல நின்றுவிடும். இந்த நான்கு மாதத்தில் எந்த நாயும் உங்கள் மகனை ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஏன் பயம் கூடுகிறது?

ஏனென்றால் நாய் ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் பார்க்க அவன் நிற்பதே இல்லை. நாய் தூரத்தில் தெரிகிறது, நெஞ்சு அடிக்கிறது, தெருவை மாற்றுகிறான், நெஞ்சு அடங்குகிறது. அந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் பரிசு. மிட்டாயை விடப் பெரிய பரிசு. பயம் ஒரு வழியில் உண்டாகிறது, தப்பித்தலின் நிம்மதியால் வேறொரு வழியில் நிலைக்கிறது என்று 1947-இல் ஓ. எச். மவ்ரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாகப் பிரித்துச் சொன்னார். பயத்துக்குச் சிகிச்சை செய்கிற எங்களுக்கு இன்றும் அதுதான் தொடக்கப்புள்ளி. ஆக, அவன் ஓடுகிற ஒவ்வொரு முறையும் தெருவில் இரண்டு பேர் பாடம் படிக்கிறார்கள். ‘துரத்தினால் ஓடிவிடுவான்’ என்று நாய் படிக்கிறது. ‘ஓடியதால்தான் பிழைத்தேன்’ என்று மகன் படிக்கிறான். இருவருக்கும் பரிசு தருவது ஒரே ஓட்டம்.

பைக் சவாரியும் அந்தப் பரிசில் சேர்த்திதான். உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை, அழுகிற பிள்ளையை ஏற்றிக்கொள்ளாத அப்பா யார்? ஆனால் ‘நடந்து போ’ என்று தொடங்கி, அழுகை உச்சத்துக்குப் போனதும் ஏற்றிக்கொள்வது, தினமும் பேசாமல் கொண்டுபோய் விடுவதைவிடச் சிக்கலானது. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோது புறாக்கள் தீனிக்காகப் பொத்தானைச் சலிக்காமல் கொத்திக்கொண்டே இருப்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் விரிவாகக் காட்டினார். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரும் அப்படித்தான். எத்தனை நேரம் அழுதால் பைக் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை என்றால், பிள்ளை கொஞ்சம் கூடுதலாக அழுது பார்ப்பான். இதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயமும் நிஜம், கற்றலும் நிஜம். நான் கீழே சொல்லும் பயிற்சியை நீங்கள் தொடங்கும்வரை தினமும் பைக்கிலேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். அழுகைக்கு முன்பாகவே, சண்டை இல்லாமல்.

அடுத்து, உங்களை உறுத்துகிற ‘என் ரத்தமா?’ என்ற கேள்வி. எளிதில் பதறும் சுபாவத்தில் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் அதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வழி இருக்கிறது. நாயைக் கண்டதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கடிதத்தில் எழுதவில்லை, ஊகிக்கிறேன். பேச்சு பாதியில் நிற்கும். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் கை இறுகும். எதிர்ப்பக்கம் இழுப்பீர்கள். வாயால் ‘ஒன்றுமில்லை, பயப்படாதே’ என்பீர்கள். பிள்ளை வாயை நம்புவதில்லை, கையைத்தான் நம்புகிறான்.

உங்கள் சின்னவள்தான் இதற்கு நேர்சாட்சி. எந்த நாயும் துரத்தாமலே பயந்துவிட்டாளே, பாவ்லோவை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது. சூசன் மினேகா, மைக்கேல் குக் என்ற ஆய்வாளர்கள் 1980-களில் ரீசஸ் குரங்குகளை வைத்து இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். காட்டில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் மிரட்சி. ஆய்வகத்திலேயே பிறந்தவை பாம்பைத் தாண்டிக் கையை நீட்டித் தீனி எடுத்துத் தின்றன. அந்த ஆய்வகக் குரங்குகள், காட்டுக் குரங்கு பாம்பைக் கண்டு மிரளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தன. அவ்வளவுதான், அவையும் பாம்புக்கு மிரளத் தொடங்கின, மாதங்கள் கழித்தும் அந்தப் பயம் இருந்தது. ஒரு பாம்பும் அவற்றைத் தீண்டவில்லை. இன்னொரு வேடிக்கை: வீடியோவை வெட்டி ஒட்டி, காட்டுக் குரங்கு பூவைக் கண்டு மிரளுவதுபோல் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட எந்தக் குரங்கும் கற்கவில்லை. எல்லாவற்றுக்கும் நாம் சமமாகப் பயம் கற்பதில்லை. பல்லும் நகமும் உள்ளவை விஷயத்தில் பாடம் சீக்கிரம் ஏறுகிறது.

மனிதக் குழந்தைக்கும் அம்மாவின் முகம்தான் முதல் செய்தி. கண்ணாடித் தளத்துக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோல் அமைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு பக்கமும் அம்மாவை எதிர்ப்பக்கமும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 1985-இல் வெளியானது. அம்மா சிரித்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. அம்மாக்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. ரத்தத்தில் வந்தது என்றால் நம்மால் செய்யக்கூடியது குறைவு. பார்த்துக் கற்றது என்றால் வேறொன்றைப் பார்க்கவைக்க முடியும்.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். கணவரின் யோசனை முதலில். அந்தச் செவலை பக்கத்தில் அரை மணி நேரம் கட்டாயமாக நிறுத்துவது வேண்டவே வேண்டாம். அது பழகாத தெருநாய், ஏற்கெனவே ஒரு தடவை கீறியது, அது எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்கள் கையில் இல்லை. கைகாலை உதறிக்கொண்டு திமிறும் பிள்ளையைக் கண்டு அது மறுபடி பாய்ந்தால் நான்கு மாதப் பயம் நான்கு வருடமாகும். பாயாவிட்டாலும், பிடித்து நிறுத்திய அப்பா மேல் நம்பிக்கை போகும். எதிர்கொள்ள வேண்டும் என்று அவர் நினைப்பது சரி. வேகம்தான் தப்பு.

சரியான வேகம் எது என்று 1924-இலேயே ஒருவர் எழுதிவைத்தார். மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர். அவரிடம் வந்த பீட்டர் என்ற குழந்தைக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. முயல், வெள்ளெலி, ரோமக் கோட்டு, பஞ்சு என எல்லாவற்றுக்கும் பயம். கூண்டுக்குள் இருக்கும் முயல் அறையில் எங்கே இருந்தாலும் அழுவான். பயமில்லாத மூன்று குழந்தைகளோடு அவனை விளையாட விட்டு, முயலை அவ்வப்போது கொண்டுவந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினான். இடையில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். குணமாகி நர்சோடு வெளியே வந்து டாக்சியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் அவர்கள் மேல் பாய்ந்தது. பீட்டர் நடுங்கிப்போனான், நர்சும் நடுங்கினார். ஆய்வகத்துக்குத் திரும்பியபோது பழைய பயம் முழுதாக வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் ஜோன்ஸ் சாப்பாட்டைத் துணைக்கு அழைத்தார். உயர நாற்காலியில் பீட்டரை உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, அவன் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டை அவன் சாப்பாட்டுக்குத் தொந்தரவில்லாத தூரத்தில் வைத்தார். பன்னிரண்டு அடியில் பொறுத்துக்கொண்டான். பிறகு நான்கு அடி, மூன்று அடி. பிறகு கூண்டு பக்கத்தில், பிறகு கூண்டில்லாமல். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்க விட்டான். ஜோன்ஸ் ஓர் எச்சரிக்கையும் செய்தார்: அவசரப்பட்டால், முயலிடம் உள்ள பயம் சாப்பாட்டின்மேல் ஏறிவிடக் கூடும்.

நூறு வருடம் ஆகியும் நாங்கள் செய்வது இதுதான், கருவிகள்தான் மாறியிருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே. நாய்க்குட்டி வீடியோ, சத்தம் இல்லாமல். ரிமோட் அவன் கையில். சத்தத்தை எப்போது, எவ்வளவு கூட்டுவது என்பது அவன் முடிவு. அது சலித்துப்போனதும் பூட்டிய கேட்டுக்குள் அல்லது மாடியில் நின்று தெருநாயைப் பார்ப்பது. ‘வாலை எப்படி வைத்திருக்கிறது, தூங்குகிறதா, எதை மோந்து பார்க்கிறது’ என்று துப்பறிகிறவன்போலச் சொல்லச் சொல்லுங்கள். உற்றுப் பார்க்கிற பிள்ளை ஓடுவதை மறப்பான்.

அடுத்தது தங்கை வீடு. தடுப்பூசி போட்ட, வயது வந்த, சாதுவான நாய்தான் இதற்கு ஏற்றது. பொமரேனியன்கள் பலவும் காற்றடித்தாலே கத்துகிற ஜாதி. அதுவும் அப்படி என்றால் தெரிந்தவர்கள் வீட்டில் வேறு நாயைத் தேடுங்கள். துள்ளிக் குதிக்கும் குட்டி வேண்டாம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தங்கை ஹாலின் ஒரு கோடியில் உட்காரட்டும். மகன் மறுகோடியில் வாசற்படியில், கையில் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தோடு. ‘இப்போது பயம் பத்துக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். ஏழு என்பான். நகர வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூன்றோ நான்கோ ஆகும். அப்போது எழுந்து வந்துவிடலாம். முக்கியமான விதி இது ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது கிளம்பாதீர்கள், அது இறங்கிய பிறகு கிளம்புங்கள். உச்சத்தில் கிளம்பினால் பழைய நிம்மதிப் பரிசு மறுபடி கிடைத்துவிடும். ஏழு இறங்கவே மாட்டேன் என்கிறதா, தூரம் அதிகம் வேண்டும் என்று அர்த்தம். தெருவுக்கே போய் நின்று பார்க்கட்டும். அவன் உட்கார்ந்த டைல்ஸில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை அந்தக் கோட்டிலிருந்து ஒரு டைல்ஸ் முன்னே. பிள்ளைகளுக்கு இந்தக் கோடு பிடித்துப்போகும். பெரியவர்களைவிட அவர்கள் கணக்கில் கறார். வாரத்துக்கு மூன்று முறை போக முடிந்தால் நல்லது. பரிசு தருவதாக இருந்தால் நெருங்கியதற்கு அப்போதே கொடுங்கள். ‘பரீட்சை முடிந்ததும் சைக்கிள்’ இங்கே வேலைக்காகாது.

ஒரு துணையும் தேடுங்கள்: அவன் வயதுப் பையன், நாயோடு பழகுகிறவன். 1961-இல் பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே அடித்ததைக் காட்டிப் புகழ்பெற்ற ஆல்பர்ட் பண்டூரா, 1967-இல் நல்ல காரியம் ஒன்றும் செய்தார். நாய்க்குப் பயந்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு பையன் நாயோடு படிப்படியாக நெருங்கி விளையாடுவதைப் பார்க்கவைத்தார். எட்டே சிறு அமர்வுகள். சிலருக்கு அதை விருந்து, கொண்டாட்டத்தோடு காட்டினார்கள், சிலருக்குச் சும்மா. கொண்டாட்டத்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, அந்தப் பையனைப் பார்த்ததுதான் வேலை செய்தது. கடைசியில் அவர்களில் பெரும்பாலோர் நாயோடு ஒரே அடைப்புக்குள் தனியாக நிற்கும் அளவுக்கு வந்தார்கள். எனவே ‘அவனைப் பார், அவன் பயப்படுகிறானா?’ என்று ஒப்பிட்டுக் குத்திக்காட்டாமல், சும்மா பார்க்க விடுங்கள். அதுவே போதும்.

நீங்கள்? உங்களை வீரர் ஆகச் சொல்லவில்லை. பிள்ளை உங்கள் கையைப் பிடித்திருக்கும்போது, நாயைக் கண்டால் கையின் இறுக்கத்தை மட்டும் கவனியுங்கள். விரல்களைத் தளர்த்தி, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடியுங்கள், அதே வேகத்தில் நடங்கள். முடிந்தால் தங்கை வீட்டுப் பயிற்சியில் நீங்களும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். துளியும் பயமில்லாதவரைப் பார்ப்பதைவிட, பயந்து பயந்து சமாளிக்கிற அம்மாவைப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு அதிகம் உதவுவதை என் அறையில் கண்டிருக்கிறேன். ‘எனக்கு இப்போது ஆறு, உனக்கு?’ என்று கேட்கலாமே.

சின்னவள் விஷயத்தில் காலம் உங்கள் பக்கம். அதே குரங்கு ஆய்வில், பாம்பைக் கண்டு அசராத குரங்கை முதலில் பார்த்துப் பழகியவை, பிறகு மிரளும் குரங்கைப் பார்த்தபோதும் பெரும்பாலும் மிரளவில்லை. தடுப்பூசி போட்டதுபோல. அவளுக்குப் பயம் தொட்டுத்தான் இருக்கிறது, ஊறவில்லை. அப்பாவோ சித்தியோ, பயமில்லாத யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் நின்று நாய் பார்க்கட்டும். அண்ணனின் பயிற்சி நேரத்தில் முதல் சில நாள் அவள் அங்கே இருக்க வேண்டாம்.

தாயத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். பாட்டியின் அன்பு அதில் இருக்கிறது, அது இருக்கிற தைரியத்தில் ஒரு டைல்ஸ் முன்னே போனால் எனக்கும் மகிழ்ச்சியே. ‘தாயத்து இல்லாவிட்டால் வரமாட்டேன்’ என்று சொல்லத் தொடங்கினால் மட்டும், கடைசிப் படிகளை அது இல்லாமலும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

தெருநாய் வேறு கதை. அதற்குப் பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு, அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிடவும் கூடாது. தெருநாயைத் தடவிக்கொடுப்பது நம் பயிற்சியில் எந்தப் படியிலும் இல்லை. அவன் கற்க வேண்டியது வேறு: நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் நிற்பது, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, நாயின் கண்ணைப் பார்க்காமல் தன் கால்விரலைப் பார்ப்பது, அது விலகியதும் மெல்ல நடப்பது. ஓட்டம் இல்லையென்றால் நாய்க்குத் துரத்தல் சுவைக்காது. இதை வீட்டுக் கூடத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள், அப்பா நாயாக நடிக்கட்டும். அவருக்கும் ஒரு வேலை கொடுத்ததாக இருக்கும். செவலையின் காது நுனி வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யப்பட்ட தெருநாய்களுக்கு அந்த அடையாளம் வைப்பார்கள். இல்லையென்றால் மாநகராட்சியில் மனு கொடுங்கள், கீறிய தேதியைக் குறிப்பிட்டு. அங்கே யாராவது அதைக் கல்லால் அடிக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அடிபடும் நாய் ஆட்களைக் கண்டால் முந்திக்கொண்டு பாயக் கற்கும்.

இரண்டு மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு, கோடை விடுமுறை முடிந்து வந்ததும் திடீரென்று பழையபடி அழலாம். அப்போது ‘எல்லாம் வீண்’ என்று சோர்ந்துவிடாதீர்கள். பாவ்லோவின் நாய்களுக்கும் நின்றுபோன எச்சில் ஓய்வுக்குப் பின் திரும்ப ஊறியது. பழைய பாடம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் ஏறுகிறது. இரண்டு டைல்ஸ் பின்னே போய் மறுபடி தொடங்கினால் முதல் தடவையைவிட வேகமாக நகரும். புது இடத்தில், புது நாயிடம் அந்தப் பயம் தலைகாட்டவும் செய்யும். அதனால் ஒரே நாயோடு நிறுத்தாமல் வேறு வீட்டிலும் வேறு நாயோடும் பழக்குங்கள்.

தூக்கத்தில் அலறுகிறான், படுக்கையை நனைக்கத் தொடங்கிவிட்டான், பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறான், அல்லது ஆறு மாதம் தாண்டியும் வீடியோ படியைக்கூட ஏற முடியவில்லை என்றால் வீட்டுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். போவதற்குத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் முதலில் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். பேசும்போது ‘நாய்க்குப் பயம்’ என்று மட்டும் சொல்லாமல், பயத்தால் அவன் எதையெல்லாம் விட்டுவிட்டான் என்பதைச் சொல்லுங்கள்: நடந்து பள்ளிக்குப் போவது, சித்தி வீடு, டியூஷன் வழி. அவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் தேவைப்படும்.